ஏப்ரனில் இருந்த ‘ந’ எங்கே போனது?

தையல்கடை அக்கா:
கேட்டரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு 40 ஏப்ரன் தைக்க ஆர்டர் வந்திருக்கிறது. கடையில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டிய மகள், “அம்மா, இது ஒரு காலத்தில் நாப்ரனாம்” என்கிறாள். அச்சுப்பிழையா? நிஜம் என்றால் தலையில் இருந்த ‘ந’ எப்படிக் கழன்றது?

பழஞ்சோறு:
பிழை இல்லை அக்கா. ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்பதற்கு மெய்யெழுத்தின் முன்னால் ‘அ’, உயிரெழுத்தின் முன்னால் ‘அன்’. ‘அ நாப்ரன்’ என்று வேகமாகச் சொன்னது ‘அன் ஆப்ரன்’ என்று காதில் விழுந்துவிட்டது. ‘பலகை’யைப் ‘பல கை’ என்றும் பிரிக்கலாம் என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கூத்துதான். ஆடர் என்கிற விரியன் பாம்புக்கும் இதே கதி. ஜெர்மன்காரர்கள் ஒரு வகைப் பாம்பை இன்றும் நாட்டர் என்றுதான் சொல்கிறார்கள். நிக்நேமில், அதாவது பட்டப்பெயரைச் சொல்லும் சொல்லில், கதை தலைகீழ்: ‘அன் ஈக்நேம்’, அதாவது கூடுதல் பெயர். அங்கே ‘ந’ வந்து ஒட்டிக்கொண்டது.

ஊர்சுற்றி:
இன்னும் பின்னால் போகலாம். பிரெஞ்சில் ‘நாப்’ என்றால் மேசைவிரிப்பு. அதில் சின்னதுதான் நாப்ரன். நாப்கினும் அதே நாப்தான், வாலில் உள்ள ‘கின்’னுக்குக் குட்டி என்று பொருள். நாப் வந்தது லத்தீன் ‘மாப்பா’விலிருந்து. பிரெஞ்சில் ‘ம’ இப்படி ‘ந’ ஆவது உண்டு. பாய்க்கு லத்தீனில் மாட்டா, பிரெஞ்சில் நாட். ரோமில் தேர்ப்பந்தயம் தொடங்க ஒரு வெள்ளைத் துணியைக் கீழே போடுவார்கள். அதற்கும் மாப்பா என்றே பெயர். அந்தச் சொல் தங்களுடையது என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக்காரர்கள் உரிமை கொண்டாடியதாக 1ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய ஆசிரியர் குயின்டிலியன் எழுதியிருக்கிறார்.

பழஞ்சோறு:
மேப்பை விட்டுவிட்டீர்களே! பழைய உலக வரைபடத்துக்கு லத்தீனில் ‘மாப்பா முண்டி’, உலகத் துணி என்று பெயர். அதன் முன்பாதிதான் மேப். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட் தேவாலயத்தில் சுமார் 1300இல் வரைந்த ஒன்று இருக்கிறது. பெயர்தான் துணி, வரைந்தது என்னவோ ஒற்றைக் கன்றுத் தோலில்.

தையல்கடை அக்கா:
அட! ஏப்ரன் வெட்டி மிஞ்சும் துணியில் நான் நாப்கின்தான் தைக்கிறேன். சொந்தக்காரர்கள் என்று தெரியாமல் போச்சே. மகள் இப்போது அகராதியில் ‘பாபின்’ தேடப் போய்விட்டாள். ஏப்ரனுக்கு இரண்டு என்று 80 நாடா திருப்ப வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் காதில் விழவில்லை.