புதுப்பிப்பு: தவறான அளவு டயரை மாற்றித் தந்துவிட்டார்கள்

போன வாரம் எழுதியிருந்தேன்: டயர் கடையில் என் காருக்கு 205/55 ஆர்16 அளவு டயர் கேட்டேன், நான்கு சக்கரத்திலும் 205/60 ஆர்16 மாட்டி அனுப்பிவிட்டார்கள். "ரிம்மில் சரியாக உட்காருதே, ஒன்றும் ஆகாது" என்றார்கள்.

நேற்று மறுபடி போனேன். சண்டை போடவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் டயர் அளவு ஸ்டிக்கரைக் காட்டினேன். அப்புறம் பில்லை நீட்டினேன். அதிலும் 55 என்றே இருந்தது. அதற்குமேல் அவர்கள் பேசவில்லை.

5 தானே வித்தியாசம் என்று கேட்டவர்களுக்கு: 55, 60 என்பது டயரின் பக்கவாட்டு உயரம்; அது மில்லிமீட்டர் அல்ல, டயர் அகலத்தில் சதவீதம். மொத்த விட்டம் சுமார் 20 மி.மீ. கூடிவிடுகிறது. முன்பு 100 காட்டிய அதே வேகத்துக்கு பெரிய டயரோடு மீட்டர் 97தான் காட்டும். முழுதாகத் திருப்பும்போது முன்சக்கரம் உள்ளே உரசிய சத்தமும் இதனால்தான். டயரை மாற்றியபின் அந்தச் சத்தம் அறவே இல்லை.

நான்கையும் மாற்றி, பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) செய்து தந்தார்கள், கூடுதல் பணம் கேட்கவில்லை. இந்த முறை பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு டயரிலும் எண்ணைப் படித்த பிறகே மாட்டவிட்டேன். தயாரிப்புத் தேதியையும் பார்த்தேன்: நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஒன்று மட்டும் பழையது. அதையும் மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள்.

ஸ்டிக்கரைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.