சர்க்யூட் போர்டில் இருப்பது எங்கே எழுதப்பட வேண்டும்? லினக்ஸ் டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் மென்பொருள்) எழுதியவர்களின் அனுபவங்கள்

அம்பத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

குளிர்பதனக் கிடங்குகளுக்கு வெப்பநிலைப் பதிவுக் கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது நடந்தது இது. முதல் போர்டில் சென்சாரின் ஐ-டூ-சி (சிப்புகளை இணைக்கும் இரு கம்பி பஸ்) முகவரி ஹெக்ஸ் 44; அதன் ரீசெட் பின் லோ நிலையில், அதாவது வோல்டேஜ் இறங்கும்போது, செயல்படுவது. இருப்பது ஒரே போர்டுதானே என்ற நினைப்பில் இரண்டையும் டிரைவருக்குள்ளேயே எழுதிவிட்டேன். அடுத்த போர்டில் ஹார்டுவேர் குழுவினர் முகவரியை 45 ஆக மாற்றியதோடு, ரீசெட் தடத்தில் ஒரு டிரான்சிஸ்டரையும் வைத்திருந்தார்கள். முகவரியைச் சொன்னவர்கள் டிரான்சிஸ்டரைச் சொல்லவில்லை. அது சிக்னலைத் தலைகீழாக்கியதால் சென்சார் ரீசெட்டிலேயே கிடக்க, நான் இரண்டு நாள் பஸ்ஸின் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவசரத்துக்குப் போர்டு எண்ணைப் பார்த்துப் பிரியும் நிபந்தனை ஒன்றைப் போட்டேன்; மூன்றாவது போர்டு வந்தபோது அந்த நிபந்தனைகள் டிரைவரின் உண்மையான வேலையை விட நீண்டிருந்தன. ஏ-ஆர்-எம் சிப்புகளுக்கான லினக்ஸ் கர்னலில் போர்டுக்கு ஒரு சி கோப்பு என்று பெருகிக் கிடந்ததைக் கண்டு 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சினந்ததும், பவர்பிசி சிப்புகளில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த டிவைஸ் ட்ரீயை (போர்டில் எது எப்படி இணைந்திருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் தனிக் கோப்பு) நோக்கி ஏ-ஆர்-எம் தரப்பு விரைந்ததும் இதே நோய்க்காகத்தான். முகவரியையும் பின்னின் போலாரிட்டியையும் டிவைஸ் ட்ரீக்கு நகர்த்திய பிறகு, 'ரீசெட்டை இயக்கு' என்று மட்டும் டிரைவர் சொன்னால் போதும். வோல்டேஜ் ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா என்பதைக் பின்களைக் கையாளும் கர்னலின் ஜிபிஐஓ பகுதியே பார்த்துக்கொள்கிறது.

ருசி கண்ட பூனையாக, எத்தனை நொடிக்கு ஒருமுறை அளப்பது என்பதையும் டிவைஸ் ட்ரீயிலேயே வைத்தேன். மாதவரத்துக் கிடங்கு ஒரு நிமிடம் கேட்டது, செங்குன்றத்துக் கிடங்கு ஐந்து நிமிடம் கேட்டது. டிவைஸ் ட்ரீயும் அடங்கிய எங்கள் பூட் இமேஜ் (கருவி தொடங்கும்போது ஏறும் மென்பொருள் தொகுப்பு) டிஜிட்டலாகக் கையொப்பமிடப்பட்டது என்பதால், ஓர் எண்ணுக்காக முழு இமேஜையும் மறுபடி உருவாக்கிக் கையொப்பமிட்டு ஆளை அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது அது சிஸ்எஃப்எஸ்ஸில் (ஓடும்போதே டிரைவரின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்), மில்லிநொடிக் கணக்கில் ஒரு கோப்பு. சாலிடரிங் அயர்னைத் தொடாமலே மாறக்கூடிய எதையும் அதன் பிறகு நான் டிவைஸ் ட்ரீயில் வைப்பதில்லை.

பெருங்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அந்த அளவுகோல் என்னை ஓரிடத்தில் கைவிட்டது. மின் மீட்டர்களைப் படிக்கும் கேட்வே ஒன்றில் இரண்டு சீரியல் போர்ட்டுகள். முதலாவதில் ஆர்எஸ்-485 (சீரியல் தொடர்புக்கான ஒரு மின் தரம்) டிரான்சீவர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்ததால், பூட் ஆகும்போதே அந்த முறையில் எழும்படி டிவைஸ் ட்ரீயில் எழுதினோம். இரண்டாவதை ஆர்எஸ்-232 ஆகவோ 485 ஆகவோ மாற்ற ஒரு ஜம்பர் (கழற்றி மாட்டும் சிறு இணைப்பு) உண்டு. அதை மாற்றுபவர் களத்தில் நிற்கும் டெக்னீஷியன். அயர்ன் தேவையில்லை, ஆனாலும் அது ஹார்டுவேர்தான். ஜம்பரின் நிலையைப் படிக்க ஒரு பின்கூட ஒதுக்காதவர்களை நொந்துகொண்டு, அதை யூசர் ஸ்பேஸில் (கர்னலுக்கு வெளியே ஓடும் நிரலில்) ஐஓசிடிஎல் என்ற அழைப்பு வழியாக அமைக்கும்படி விட்டோம். பாட் ரேட்டைப் (தரவு அனுப்பும் வேகம்) பற்றி யாரும் வாதிடவில்லை. அது மறுமுனையில் உள்ள மீட்டரைப் பொறுத்தது.

தரமணியிலிருந்து ஓர் உறுப்பினர்:

சிப்பின் பெயரிலிருந்தே தெரிந்துகொள்ளக்கூடிய ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் பகுதி) பிட் எண்ணிக்கை போன்றவற்றை டிவைஸ் ட்ரீயில் தனி ப்ராப்பர்ட்டியாக எழுதியதற்காக ரிவ்யூவில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. டிவைஸ் ட்ரீயில் சிப்பைக் குறிக்கும் கம்பேட்டிபிள் பெயரை வைத்து டிரைவரின் அட்டவணையிலேயே அதை எடுத்துக்கொள்ளலாம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது காலிப்ரேஷன், அதாவது அளவீட்டுப் பிழையைச் சரிசெய்யும் எண்கள். அது ஹார்டுவேரின் குணம், களத்தில் மாறுவதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் வேறு. கருவிக்கு ஒரு டிடிபி (கம்பைல் செய்த டிவைஸ் ட்ரீ) கோப்பு என்று தொடங்கி, பெயர்களைக் காப்பாற்ற முடியாமல் கைவிட்டோம். இப்போது எண்கள் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவக சிப்) இருக்கின்றன. அவை எந்த இடத்தில் உள்ளன என்பதை மட்டும் டிவைஸ் ட்ரீ, என்விமெம் செல் (அந்த நினைவகத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் பதிவு) வழியாகச் சொல்கிறது. ஒருநாள் உற்பத்தி வரிசையில் ஈஈப்ராம் எழுதும் படியையே விட்டுவிட்டார்கள். செக்சம் (எண்கள் சிதையவில்லை என்று சரிபார்க்கும் மதிப்பு) பொருந்தாததால் டிரைவர் திருத்தம் எதுவும் செய்யாமல் ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் லாக்கில் விட்டது. அந்த வரியைத் தேடித்தான் எந்தெந்தக் கருவிகளைத் திரும்ப வாங்குவது என்று பட்டியல் எடுத்தோம்.