டாரஸ் லாரி: வெல்டு வைத்த ஜாயிண்ட் ஷாஃப்ட்டில் அதிர்வு, புதுக் கிராஸும் தேய்கிறது

தக்கலை லாரி உரிமையாளர்:
வணக்கம். களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு ஜல்லி ஏற்றிச் செல்லும் எங்கள் டாரஸ் லாரியில், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டில், பின்பக்க ஷாஃப்ட்டின் கிராஸ் (ஜாயிண்ட்டின் நடுவிலுள்ள கூட்டல் குறி வடிவத் துண்டு) உடைந்து குழாயும் முறுக்கிக்கொண்டது. ஒரு பட்டறையில் குழாயை வெட்டி, வேறு குழாய் வைத்து வெல்டு செய்து புதுக் கிராஸ் போட்டுத் தந்தார்கள். அதன்பின் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கேபின் வரை அதிர்கிறது. புதுக் கிராஸும் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை மாற்றினால் தீருமா?

நாகர்கோவில் மெக்கானிக்:
அண்ணாச்சி, சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தால் பெரும்பாலும் வண்டி நகரத் தொடங்கும்போதே தட்டும். வேகம் ஏறிய பிறகு வரும் அதிர்வுக்கு முதலில் வெல்டு வைத்த ஷாஃப்ட்டைத்தான் பார்க்க வேண்டும். கிராஸ் ஜாயிண்ட் சாய்வாகச் சுழலும்போது, கியர்பாக்ஸ் பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். அதை அடுத்த முனையிலுள்ள ஜாயிண்ட் சரிக்கட்ட வேண்டுமானால், ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவை போன்ற யோக்குகளும் ஒரே நேரில் நிற்பதோடு இரு ஜாயிண்ட்டுகளின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் பல் வெட்டிய இணைப்பான ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே இந்தக் கணக்கு கெட்டு, எவ்வளவு நல்ல கிராஸ் போட்டாலும் நிலைக்காது. அந்த ஸ்ப்லைனில் நகரும் ஸ்லிப் யோக்கிலும் குழாயிலும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மார்த்தாண்டம் ஓட்டுநர்:
குழாய் ஏன் முறுக்கியது என்பதையும் யோசிக்க வேண்டும். அதிக லோடுடன் சக்கரம் பள்ளத்தில் மாட்டியிருக்கும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால் முழு விசையும் ஷாஃப்ட்டில்தான் இறங்கும். கழற்றிய கிராஸின் நான்கு முனைகளையும் துடைத்துப் பாருங்கள். ஊசி பேரிங்குகள் வரி வரியாகத் தடம் பதித்திருந்தால் கிரீஸ் போய்ச் சேரவில்லை அல்லது லோடு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். கிரீஸ் அடிக்கும்போது முனைகளை மூடியிருக்கும் நான்கு கப்புகளிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே தள்ளும்வரை அடிக்க வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றினால் கியர் வண்டியைப் பிடிக்காது. ஆகவே சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் யாரும் அடியில் போகக்கூடாது.

தக்கலை லாரி உரிமையாளர்:
பார்த்தேன், அம்புக்குறிகள் ஒரு பல் தள்ளியே இருக்கின்றன. அதைச் சரிசெய்து ஓட்டினால் போதுமா?

நாகர்கோவில் மெக்கானிக்:
போதாது. வெல்டு வைத்த குழாய் கோட்டமில்லாமல் இருக்கிறதா என்று லேத்தில் சுற்றிப் பார்த்து, சுழலவிட்டு எடைச் சமநிலையைச் சரிசெய்யும் டைனமிக் பேலன்ஸும் செய்தாக வேண்டும். அதற்கு வசதியில்லாத இடத்தில் குழாயை வெட்டவே விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓட்டத்தில் அறுந்த ஷாஃப்ட் பக்கத்திலுள்ள ஏர் டேங்கையும் பிரேக் குழாய்களையும் அடித்து நொறுக்கிவிடும். பேலன்ஸ் முடியும்வரை லோடு ஏற்ற வேண்டாம்.