வட்டச் சுரங்கத்தின் சுவரில் தகைவு குறைவாக வருகிறது, உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். பாறைக்குள் 3 மீட்டர் ஆரமுள்ள வட்டச் சுரங்கம் ஒன்றை ஃபைனைட் எலிமெண்ட் முறையில் (பாறையை எலிமெண்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) மாதிரி செய்து பார்க்கிறேன். ஆழம் 200 மீட்டர், பாறையின் அலகு எடை 27 கிலோநியூட்டன்/கனமீட்டர். செங்குத்துத் தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசை) 5.4 மெகாபாஸ்கல். கிடைமட்டத் தகைவு அதில் பாதி.

வட்டத் துளையைச் சுற்றியுள்ள தகைவுக்கு 1898இல் பொறியாளர் கிர்ஷ் கொடுத்த தீர்வின்படி பக்கச்சுவரில் தொடுகோட்டுத் தகைவு (சுவரின் வளைவை ஒட்டிய திசையில் இருப்பது) செங்குத்துத் தகைவைப் போல 2.5 மடங்கு, அதாவது 13.5 மெகாபாஸ்கல் வரவேண்டும். உச்சியில் 2.7. எனக்குக் கிடைப்பதோ 12.4, 3.0. இரண்டும் எதிரெதிர் திசையில் விலகுவதுதான் உறுத்துகிறது.

சுவரை ஒட்டிய எலிமெண்டின் அகலம் 0.3 மீட்டர். மென்பொருள் காட்டுவது அதன் நடுப்புள்ளி மதிப்பு. சுவரிலிருந்து பாறைக்குள் 0.15 மீட்டர் தள்ளி கிர்ஷ் சமன்பாட்டைக் கையால் போட்டேன்: ஏறத்தாழ அதே 12.4, 3.0 வந்தன! அப்படியானால் மாதிரி சரி, நான் படித்த இடம்தான் தவறு என்று எடுத்துக்கொள்ளலாமா? மாதிரியின் வெளி எல்லை சுரங்க மையத்திலிருந்து 30 மீட்டரில் இருக்கிறது, அது போதுமா?

இன்னொன்று. இதே விட்டத்தில், மையம் 9 மீட்டர் ஆழத்தில், மண்ணிலும் செய்ய வேண்டும். அங்கே தரைமட்டம் மிக அருகில். உச்சிக்கும் அடிக்கும் இடையே புவியீர்ப்புத் தகைவே இரட்டிப்பாகிறது. மண் நெகிழ்ந்தும் (மீளாமல் உருமாறியும்) போகும். சீரான தகைவுள்ள முடிவிலி (எல்லையின்றி நீளும்) ஊடகத்துக்கான கிர்ஷ் இங்கே பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேறு எந்தத் தீர்வை எடுப்பீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.