மோர்கோவ் ஓட்டுவதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பனிக்காற்று:
கோபன்ஹேகன் ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தின் கூச்சலும் பீர் வாடையும் போனவர்களுக்குத் தெரியும், அதை விடுங்கள். பால்லரப் அரங்கில் வளைவுப் பக்கம் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். சாய்ந்த தடத்தின் மேலே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த டென்மார்க் வீரர் மைக்கேல் மோர்கோவ் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். கை தானாகப் பின்னால் போனது. பாய்ந்து வந்த அவர் ஜோடி அந்தக் கையைப் பற்றி, மோர்கோவை அப்படியே முன்னால் வீசிவிட்டார். இரண்டு பேர் வண்டியிலும் பிரேக் கிடையாது! என் வயிறு கலங்கியது, அந்த மனிதர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

ஒற்றைக்கியர்:
நான் டிவியில்தான். 2021 டூர் டி பிரான்ஸ், கார்கசோனில் முடிந்த கட்டம். அணித்தோழர் கேவண்டிஷ் கடைசியில் பாய்ந்து ஜெயிப்பதற்காகக் காற்றைக் கிழித்து இழுத்துவந்த மோர்கோவ் அவருக்குப் பின்னாலேயே இரண்டாவதாக வந்தார். இழுத்துவிட்ட ஆளே இரண்டாமிடம் என்றால் கடைசிப் பாய்ச்சலுக்கென்றே வந்த மற்ற ஸ்பிரிண்டர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? டூர் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, டோக்கியோ ஒலிம்பிக்கில், இருவர் மாறி மாறி ஓட்டும் மேடிசன் பந்தயத்தில் தங்கம். வயது 36.

சுற்றுக்கணக்கு:
அந்த மேடிசன் நடந்த ஈசூ அரங்கில் மோர்கோவ் தனியாகவா ஓட்டினார்? ஜோடி லாசே நார்மன் ஹான்சன் பெயரை ஒருவரும் சொல்லக் காணோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், பல பந்தயங்களைக் கூட்டிக் கணக்கிடும் ஆம்னியத்தில், ஸ்க்ராட்ச் என்ற பந்தயத்தில் விழுந்து, எழுந்து ஓட்டித் தங்கம் வாங்கியவர் அவர். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம், முதல்முறை போகிறவர்களுக்கு: எல்லைக்கோட்டுக்கு நேரே டிக்கெட் எடுக்காதீர்கள், வளைவில் உட்காருங்கள். ஆள் மாறுவதெல்லாம் அங்கே நன்றாகத் தெரியும். எல்லோரையும் பார்க்க முயன்றால் தலை சுற்றும், ஒரே ஜோடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் ஆண்கள் மேடிசன் 200 சுற்று. பத்துச் சுற்றுக்கு ஒரு ஸ்பிரிண்ட், 5, 3, 2, 1 என்று புள்ளி, கடைசியில் இரட்டிப்பு. கூட்டத்தை ஒரு சுற்று முந்தினால் 20 புள்ளி. டோக்கியோவில் டென்மார்க் 43, பிரிட்டனும் பிரான்ஸும் 40, அவ்வளவுதான் இடைவெளி. அதனால் நடுவில் வரும் சின்ன ஸ்பிரிண்டுகளின்போது எழுந்து காபி வாங்கப் போகாதீர்கள்.

ஒற்றைக்கியர்:
ஹான்சனை யார் குறைத்துச் சொன்னது? ஆனால் அதே டோக்கியோவில், நால்வர் அணிகள் ஒன்றையொன்று துரத்தும் பந்தயத்தில், அவர் இருந்த டென்மார்க் அணியில்தானே ஃபிரெடரிக் மேட்சன் குனிந்த தலை நிமிராமல் போய், பின்தங்கிய பிரிட்டன் வீரர் மேல் மோதினார்? அதற்கப்புறமும் இறுதிக்குப் போய் வெள்ளி. அதையும் கணக்கில் எழுதுங்கள்.

சுற்றுக்கணக்கு:
மேட்சன் மோதியதற்கு ஹான்சன் என்ன செய்வார்? எதிரணியைப் பிடித்துவிட்டால் பந்தயம் அங்கேயே முடிந்தது, விதி அது. இறுதியில் இத்தாலி உலக சாதனை ஓட்டியும் இவர்கள் 0.166 நொடிதான் பின்னால். சும்மா கிடைத்த வெள்ளியா அது?