பிங் போகிறது, ஆனால் அவருக்கு மட்டும் போகவில்லை: ஸ்விட்ச்சில் பாக்கெட்டைத் துரத்திய அனுபவங்கள்

என் கதையில் தொடங்குகிறேன். ஒருவருக்கு 192.168.10.51 சர்வர் கிடைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரருக்கு அதே சர்வர் நன்றாகவே வருகிறது. கிடைக்காதவருக்கோ 192.168.10.52 என்ற இன்னொரு சர்வர் வருகிறது! நான் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச்சிலிருந்து பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) அடித்தால் இரண்டுமே பதில் சொல்கின்றன. வழக்கம்போல ஃபயர்வால்மேல் பழியைப் போட்டு அரை நாளை வீணாக்கினேன். கணினியும் சர்வரும் ஒரே விலானில், அதாவது ஒரே உள் நெட்வொர்க் பிரிவில், இருக்கும்போது ஃபயர்வாலுக்கு அங்கே வேலையே இல்லை என்பது எனக்கே உறைத்திருக்க வேண்டும். பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட்டும் கை கொடுக்காது, நடுவில் ரவுட்டரே இல்லையே.

அப்புறம்தான் மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டின் சொந்த முகவரி) பிடித்துக்கொண்டு நடந்தேன். சர்வரின் மேக், கணினி செருகியிருந்த ஸ்விட்ச்சில் போர்ட் சேனல் (பல லிங்க்குகளை ஒன்றாகக் கட்டிய இணைப்பு) பக்கம் தெரிந்தது. அடுத்த ஸ்விட்ச்சில் சர்வரின் சொந்தப் போர்ட்டில் தெரிந்தது. எல்லாம் ஒழுங்கு. இந்த ஐபிக்கு மேக் எது என்று கேட்கும் ஏஆர்பிக்குக்கூடப் பதில் கிடைத்திருந்தது. அதுதான் என்னை அதிகம் குழப்பியது.

கடைசியில் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஐபி 24 என்று முடியும் கணினிக்கு 51 வராது, 52 வரும். 25க்கு 51 வரும், 52 வராது. ஒற்றை, இரட்டை! போர்ட் சேனலில் இரண்டு லிங்க். அனுப்புபவர், பெறுபவர் இருவரின் ஐபியையும் வைத்து ஹாஷ் (ஒரு சிறு கணக்கு) போட்டு ஸ்விட்ச் ஒரு லிங்கைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால் ஒரு ஜோடியின் பாக்கெட்டுகள் எப்போதும் ஒரே லிங்கில்தான் போகும். ஏஆர்பி ஐபி பாக்கெட் அல்ல. அதற்கு மேக்கை வைத்து ஹாஷ், அது நல்ல லிங்கில் போய்விட்டது.

இரண்டு பக்கமும் கவுன்டரைப் பார்த்தேன். இரண்டாவது லிங்கில் இங்கே அனுப்பிய எண்ணிக்கை ஏறுகிறது, அங்கே வந்த எண்ணிக்கை அசையவே இல்லை. நடுவில் காப்பரை ஃபைபராக மாற்ற யாரோ எப்போதோ வைத்த மீடியா கன்வெர்ட்டர்கள். ஃபைபர் அறுந்தும் இருபுறமும் காப்பர் உயிரோடு இருந்ததால் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரு முனையும் பேசிக்கொண்டு லிங்கைச் சரிபார்க்கும் எல்ஏசிபி இல்லாமல் சேனலைக் கையால் கட்டியிருந்தோம். எல்ஏசிபி இருந்திருந்தால் 30 விநாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பி, 90 விநாடி பதில் வராவிட்டால் அந்த லிங்கைத் தானே கழற்றியிருக்கும்.

*

எனக்கு நேர்ந்தது வேறு வகை. சம்பந்தமே இல்லாத ஒரு கணினியில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால், யாரோ எடுக்கும் பேக்கப் முழுக்க அங்கே வந்து கொட்டுகிறது. லூப் (பாக்கெட் சுற்றிச் சுற்றி வருவது) என்றே நினைத்தேன், ஆனால் அதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் குறை இல்லை. போகும் பாதை ஒரு கோர் (மைய) ஸ்விட்ச் வழி, திரும்பும் பாதை இன்னொன்றின் வழி. அதனால் திரும்பும் பாக்கெட்டைப் பார்க்காத அனுப்பும் ஸ்விட்ச், பெறும் கணினியின் மேக்கை 300 விநாடியில் மறந்துவிடும், ஏஆர்பி மட்டும் 4 மணி நேரம் நினைவில் இருக்கும். மேக் எந்தப் போர்ட் என்று தெரியாவிட்டால் ஸ்விட்ச் என்ன செய்யும்? அந்த விலானின் எல்லாப் போர்ட்டிலும் விடும். ஏஆர்பி நேரத்தை மேக் நேரத்துக்குக் கீழே குறைத்தேன், அடங்கிவிட்டது.

*

நான் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன். ட்ரேஸ்ரூட்டில் நான்காவது ஹாப் (வழியில் உள்ள ரவுட்டர்) 180 மில்லி விநாடி காட்டியது என்று அந்த ரவுட்டர்க்காரர்களிடம் சண்டைக்கே போனேன். ஐந்தாவது ஹாப் 12 என்று அடுத்த வரியிலேயே இருந்தது, கண்ணில் படவில்லை. அந்த ரவுட்டர் பாக்கெட்டைக் கடத்துவதில் வேகம்தான், எனக்குப் பதில் எழுதுவதில்தான் சோம்பல். பதிலே வராமல் நட்சத்திரக் குறி வந்தாலும் அப்படித்தான், அதற்கு அடுத்த ஹாப்கள் ஒழுங்காக வந்தால் விட்டுவிடுகிறேன்.

முதலில் எழுதிய அண்ணே, அந்த கன்வெர்ட்டர்களை எடுத்துவிட்டீர்களா?

*

ஒன்றை எடுத்தாயிற்று தம்பி. இன்னொன்று எந்த ஃபால்ஸ் சீலிங்குக்குள் இருக்கிறது என்று இன்னும் கேபிளைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.