புதுப்பிப்பு: ஷாமோனி – செர்மாட் ஸ்கீ பயணம் முடிந்தது

பிரான்ஸின் ஷாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்கு, ஓத் ரூட் என்ற ஆல்ப்ஸ் மலைப்பாதை வழியாக ஸ்கீயில் (பனிச்சறுக்கில்) போக கைடு வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. என் பதில்: கண்டிப்பாக வேண்டும்.

பாதுகாப்புக் கயிறு கட்டிவிட மட்டுமல்ல. டீ (Dix) ஹட் என்ற மலைக்குடிலில் காலையில் பனிமூட்டம் இறங்கியதும், கிட்டத்தட்ட 3,790 மீட்டர் உயர பிக்ன் தரோலா சிகரத்தின் வழியே வேண்டாம் என்றுவிட்டார் எங்கள் கைடு. பா த ஷெவ்ர் கணவாயின் ஏணிகளில் இறங்கி, அரோலா கிராமத்தைத் தொட்டு, மறுபடி வின்யெத் ஹட்டுக்கு ஏறினோம். குழுவில் இருவர் முணுமுணுத்தார்கள். 2018 ஏப்ரல் இறுதியில் இதே பகுதியில் புயலில் வழி தெரியாமல், ஹட்டுக்குச் சில நூறு மீட்டர் தள்ளி வெட்டவெளியில் இரவைக் கழித்தவர்களில் 7 பேர் இறந்தார்கள். அதன்பின் முணுமுணுப்புக்கு என்ன இடம்?

கடைசி நாள்தான் நீளம்: லெவெக், மோன் ப்ரூலே, வல்பெலின் என்று மூன்று கணவாய்கள். மோன் ப்ரூலேயில் ஸ்கீயைப் பையில் கட்டி, கிராம்பானோடு (காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) ஏறினோம். வல்பெலினிலிருந்து இறக்கம் முழுக்க மேட்டர்ஹார்ன் கூடவே வருகிறது. ஆனால் ஸ்டோக்யி பனியாற்றின் வெடிப்புகள் பக்கம் கவனம் இருக்கட்டும்.

பை எடை பற்றிக் கேட்டவருக்கு: ஹட்டில் போர்வை உண்டு, தூங்கும்போது உள்ளே போட்டுக்கொள்ளும் மெல்லிய துணி உறை மட்டும் போதும்.